தேவசிகாமணி வைத்த விலாக்கறி

தேவசிகாமணி நல்ல சமையல்காரர். ஆனால் தான் சமைக்கிறதை அடுப்பில் இருக்கும்போது அவர் ருசி பார்த்ததே கிடையாது. முப்பத்தைந்து வருஷமாக அப்படித்தான்.

பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். அங்கே இருக்கிற வேதக்கோயிலுக்கு அவர்தான் கோயில்குட்டி. மணி அடிக்கிறது, கூட்டிப் பெருக்குகிறது, பாய் விரிக்கிறது எல்லாம் அவர் பாடு. வாசற்படியில் நாய் படுத்திருந்தால் அதை எழுப்பாமல் சுற்றிக் கூட்டிவிட்டுப் போகிற மனுஷர். வருஷத்துக்கு ஒரு நாள், பிரதிஷ்டைப் பண்டிகையன்று, ஊர் மொத்தமும் ஒரே பந்தியாய் உட்கார்ந்து சாப்பிடுகிற அசனத்துக்கும் அவரே சமையல். இருபது கிடா, பன்னிரண்டு மூட்டை அரிசி.

அந்த அசனத்துக்கு ஒரு முறை உண்டு. போதகர் வந்து நின்று ஜெபித்து முடிக்கிறவரைக்கும் ஒரு பருக்கைகூட யார் வாயிலும் படக்கூடாது. ஆண்டவருக்குப் படைக்குமுன்னே நாக்கு முந்தக்கூடாது என்று முன்னோர் வைத்த முறை. சமையல்காரனுக்கும் விலக்கு இல்லை. அப்படியானால் உப்பு எப்படித் தெரியும்? தேவசிகாமணி அண்டாவின் மூடியை ஒரு சாண் விலக்குவார். ஆவியைக் கையால் மூக்குப் பக்கம் அள்ளுவார். கண்ணை மூடிக்கொண்டு, “இன்னும் அரைக் கை போடணும்” என்பார். போடுவார். பந்தியில் ஒருத்தர்கூட உப்பைப் பற்றி வாய் திறந்ததில்லை. அவர் மூக்குக்குள்ளே ஒரு நாக்கு இருக்கிறது என்று ஊரில் பேச்சு.

அஞ்சாம் வகுப்போடு படிப்பு முடிந்தது அவருக்கு. அப்பா இறந்த வருஷம் செங்கல் சூளைக்குப் போனார். சூளையில் கூட வேலை பார்த்த ஒருவர் அசனச் சமையலுக்குக் கூட்டிப்போனார். அண்டாவைக் கிண்டுகிற துடுப்பைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். பிறகு கோயில் வேலை கிடைத்தது. சுகிர்தாவைக் கட்டினார். ஒரே பிள்ளை, பொன்சிங். பொன்சிங்குக்கு இரண்டு வயசில் மூளைக்காய்ச்சல் வந்து, ஆறு நாள் கண் திறக்காமல் கிடந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் முட்டி போட்டு தேவசிகாமணி ஒரு பொருத்தனை பண்ணினார். “ஆண்டவரே, பிள்ளையைத் தாரும். நான் உசுரோட இருக்கிறவரைக்கும் லெந்து நாற்பது நாளும் மாமிசம் தொட மாட்டேன்.” ஏழாம் நாள் பிள்ளை தண்ணீர் கேட்டான். அதிலிருந்து இருபத்தொன்பது வருஷம், சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் விடியும்வரை, கறி, மீன், முட்டை எதுவும் அவர் நாவில் பட்டதில்லை. கூடவே சுகிர்தாவும்.

அந்தப் பொன்சிங் பெங்களூரில் ஆஸ்பத்திரி லேப் வேலைக்குப் போனான். அங்கே நர்ஸாக இருந்த ரெமியைக் கல்யாணம் பண்ணினான். ரெமிக்கு மிசோரம். முழுப் பெயர் லால்ரெம்ருவாட்டி. அதைச் சுகிர்தா மூன்று நாள் சொல்லிப் பார்த்துவிட்டு, “ரெமின்னே இருக்கட்டும்மா, ஆண்டவருக்கு ஆள் தெரியும்” என்று விட்டுவிட்டாள். பொன்சிங்குக்குத் துபாயில் வேலை கிடைத்தது. நாலு மாசக் கர்ப்பிணியான ரெமியைப் பொங்கல் கழிந்து கொண்டுவந்து அப்பா அம்மாவிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினான்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது சுகிர்தாவுக்குத் தெரியாததில்லை. ஆனால் ரெமியின் ஊர் மலை உச்சியில் இருந்தது. மழைக்காலம் பிறந்தால் ரோடு சரிந்துபோகும், ஆஸ்பத்திரிக்கு எட்டு மணி நேரம் ஆகும். பிரசவமோ ஆனி மாசம். “இங்கனயே பெத்துக்கிடுதேன் அத்தை, ஆஸ்பத்திரி பக்கம்” என்று ரெமியே சொன்னாள். பொன்சிங்கிடம் கற்றுக்கொண்ட தமிழ் அவளுக்கு. நம்ம ஊர்த் தமிழ் அந்த வாயில் வரும்போது கேட்கிறவர்களுக்குச் சிரிப்பும் வரும், பாசமும் வரும்.

எல்லாம் சரி. சாப்பாடுதான் இறங்கவில்லை.

கடுகு வெடித்தால் வாந்தி. தேங்காய் எண்ணெய் காய்ந்தால் வாந்தி. அடுப்படிப் பக்கமே வரமாட்டாள். சோற்றில் வெந்நீரை ஊற்றி, உப்புப் போட்டு, நாலு வாய் குடித்துவிட்டு, “போதும் அத்தை, நல்லா இருக்கு” என்பாள். எது கொடுத்தாலும் நல்லா இருக்கு. ஒன்றையும் தின்னமாட்டாள். ஆறாம் மாசம் டாக்டரம்மா எடை போட்டுப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள். ஏறவேண்டிய எடை இரண்டு கிலோ இறங்கியிருந்தது. அன்று ராத்திரி ரெமியின் அம்மா வீடியோவில் வந்து ரொம்ப நேரம் பேசினாள். பாஷை புரியாவிட்டாலும் தேவசிகாமணிக்கு விஷயம் புரிந்தது. மிச்சத்தை ரெமி சொன்னாள்: ஈஸ்டருக்குள் எடை ஏறாவிட்டால், ரெமியின் அண்ணன் வந்து அவளைக் கூட்டிப்போவான்.

கேட்டதும் சுகிர்தா எழுந்து போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குப் பயம் பிரயாணத்தை நினைத்து. ஆறரை மாசப் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு மூன்று நாள் ரயில், அப்புறம் மலை ரோடு.

மறுநாள் தேவசிகாமணி துபாய்க்குப் போன் போட்டார்.

“லே பொன்சிங், அந்தப் பிள்ளைக்கு வாய்க்கு என்னதாம்ல பிடிக்கும்? கேட்டா ஒண்ணும் வேண்டாம்ங்கா.”

“அது ஒண்ணு உண்டுப்பா. ஆனா நம்ம வீட்டுல முடியாது.”

“என்னதுன்னு சொல்லு.”

“பன்றி விலா. பெங்களூர்ல ஒரு சின்ன கடை உண்டு. ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சி நேரே அங்கதான் போவோம். சோயா சாஸ், இஞ்சி, பூண்டு, அன்னாசிப்பூ, சர்க்கரை எல்லாம் போட்டுப் பைய வேக வைப்பாவ. எலும்பைப் பிடிச்சு உருவினா எலும்பு மட்டும் கையில வரும். அவ ஒருத்தியே ஒரு தட்டு காலி பண்ணுவா. இப்ப ராத்திரி அதைத்தான் கனவு காணுதேன்னு எங்கிட்ட அழுதா. உங்ககிட்டச் சொல்ல வெக்கம் அவளுக்கு.”

தேவசிகாமணி போனை வைத்துவிட்டுச் சுகிர்தாவைப் பார்த்தார். சுகிர்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

“லெந்துல பன்றியா?” என்றாள்.

“நாம திங்கல்லியே. வயித்துப்பிள்ளைக்காரி ஆசைப்பட்டதைக் குடுக்காட்டா பிள்ளைக்குக் காதுல சீழ் வடியும்னு உங்கம்மைதான சொல்லுவாவ?”

“எங்கம்மை பன்றின்னு சொல்லல்லியே. எங்க வீட்டுல ஏழு தலைமுறையா அது படியேறினதில்ல.” அரிசி களைந்தாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்: “என் சட்டியில வேண்டாம். கொல்லையில விறகடுப்பு கூட்டி, அந்தப் பழைய இரும்புச் சட்டியில வையுங்க.”

அது சுகிர்தாவின் சம்மதம்.

சனிக்கிழமை காலையிலேயே தேவசிகாமணி சைக்கிளை எடுத்துக்கொண்டு வெண்பன்றிக் கடைக்குப் போனார். கடைக்காரன் மகாராஜா, ஊரில் எல்லார் வீட்டுக் குசினியும் தெரிந்தவன். அவரைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

“என்ன அண்ணாச்சி, வழி தப்பிட்டா? கோயில் அந்தப் பக்கம்லா?”

“விலா எலும்பு ரெண்டு கிலோ வேணும்ப்பா.”

“லெந்து நாள்ல கோயில்குட்டியார் பன்றிக்கு வந்தா, நான் ஈஸ்டருக்குச் சைவ ஓட்டல் போடணும் போலிருக்கே!” நின்றவர்கள் சிரித்தார்கள்.

“மருமகளுக்குப்பா. மசக்கை.”

அந்த ஒரு வார்த்தையில் மகாராஜாவின் கேலி நின்றுவிட்டது. உள்ளே போய், கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காய் இருக்கிற பாகமாகப் பார்த்து எடுத்து வந்தான். “இரண்டு விரல் நீளத்துக்கு வெட்டித் தாரேன். முதல்ல ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணியைக் கீழ ஊத்திருங்க, வாடை போயிரும். அவசரப்பட்டு குக்கர்ல போட்டுராதீங்க, சக்கை ஆயிரும்” என்றான். வெட்டி முடித்து, ஒரு துண்டு கூடவே போட்டான். “இது உள்ள இருக்கிற மருமகப் பிள்ளைக்கு.”

“பேரப்பிள்ளைப்பா.”

“ஏதோ ஒண்ணு. கொண்டுபோங்க.”

தேவசிகாமணி சொன்னபடியே செய்தார். ஒரு கொதி விட்டு, நுரையோடு தண்ணீரைக் கொட்டி, துண்டு துண்டாய்க் கழுவினார். சட்டியில் உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கரையவிட்டார். பொன்சிங் சர்க்கரை என்றுதான் சொன்னான். ஆனால் வீட்டில் கருப்பட்டி இருக்கச் சீனி எதற்கு? பாகு நுரைத்துக் கறுத்து வரும்போது விலாவைப் போட்டுப் புரட்டினார். நசுக்கிய இஞ்சி, பூண்டு முழுசாய்ப் பத்துப் பல், பட்டை, அன்னாசிப்பூ இரண்டு. கடைசியாக சோயா சாஸ் பாட்டிலைத் திறந்தார். முதல்முறை அதைப் பார்க்கிறார். கறுப்பாய், கஷாயம் மாதிரி இருந்தது. கலருக்குத்தான் போலிருக்கு என்று நினைத்து முக்கால் பாட்டில் ஊற்றினார். மூழ்கத் தண்ணீர் விட்டு மூடி, விறகை இழுத்து, தணலில் விட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து மூடியை ஒரு சாண் விலக்கி ஆவியை அள்ளினார். கருப்பட்டி மணந்தது. அன்னாசிப்பூ மணந்தது. உப்பு இருக்கிற மாதிரியே தெரியவில்லை. இரண்டு கிலோவுக்கு எவ்வளவு என்று கைக்குத் தெரியும். கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டு போட்டார்.

மூன்று மணி நேரத்தில் தண்ணீரெல்லாம் சுண்டி, கறி மேலே மினுமினுவென்று கறுப்புப் பூச்சாய்ப் படிந்தது. ஒரு துண்டை அகப்பையால் தொட்டதும் சதை எலும்பை விட்டு நழுவியது. தேவசிகாமணிக்கு மனசு நிறைந்துவிட்டது.

ரெமி தட்டைப் பார்த்ததும் இரண்டு கையையும் வாயில் பொத்திக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. “அப்பா, நீங்களா?” என்றாள். ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். ஒரு நொடி முகம் அப்படியே நின்றது. பிறகு விழுங்கினாள். “நல்லா இருக்கு அப்பா. ரொம்ப நல்லா இருக்கு.” ஐந்து துண்டு தின்றாள். கூடவே ஒரு செம்பு தண்ணீரையும் குடித்தாள். ஆசையாய்த் தின்றால் தாகம் எடுக்கத்தான் செய்யும் என்று நினைத்தாள் சுகிர்தா. மீதியைப் பிரிட்ஜில் வைத்து, மூன்று நாளும் மத்தியானம் சூடு பண்ணிக் கொடுத்தார்கள். எல்லாம் தீர்ந்துவிட்டது என்றே நினைத்தார்கள். தேவசிகாமணி கோயிலில் மணி அடிக்கும்போது ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று கயிற்றோடு சேர்ந்து சொல்லிக்கொண்டார்.

நாலாம் நாள் ரெமியின் கால் இரண்டும் பொதுபொதுவென்று வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். எடை கொஞ்சம் ஏறியிருந்தது, பிரஷரும் ஏறியிருந்தது. “உப்பு என்னம்மா இப்படித் தின்னிருக்கிய? நர்ஸ்தான நீ?” என்று டாக்டரம்மா சத்தம் போட்டாள். ரெமி தலையைக் குனிந்துகொண்டு, “ஊறுகாய் தின்னேன் டாக்டர்” என்றாள். வீட்டில் ஊறுகாய்ப் பாட்டில் திறந்து ஒரு மாசம் ஆகிறது. சுகிர்தா குழம்பிப்போய்ப் பார்த்தாள். தேவசிகாமணிக்கும் ஒன்றும் ஓடவில்லை.

சாயங்காலம் அவர் கொல்லையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். கடைசி இரண்டு துண்டு விலா ஒரு கிண்ணத்தில் மிச்சம் இருந்திருக்கிறது. ரெமி அதை எடுத்துக்கொண்டு கொல்லைக் குழாயடிக்கு வந்தாள். அவர் வேலிப் பக்கம் நிற்பதைக் கவனிக்கவில்லை. குழாயைப் பையத் திறந்து, ஒவ்வொரு துண்டாகக் கழுவினாள். கறுப்புச் சாறு மண்ணில் ஓடியது. கழுவி, உதறி, வாயில் வைத்தாள். மறுபடி கழுவினாள்.

தேவசிகாமணி கையில் இருந்த விறகைக் கீழே வைத்தார்.

“உப்பாம்மா?”

ரெமி திடுக்கிட்டுத் திரும்பினாள். கையில் எலும்பு. ஒளிக்க இடமில்லை. “கொஞ்சம்” என்றாள்.

“உள்ளதைச் சொல்லு தாயி.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்பா, இங்க வந்த புதுசுல மணப்பாட்டுக் கடல்ல அலை வந்து வாயில போச்சுல்லா? அது.”

“அதையா மூணு நாளா தின்னே?”

“நீங்க செஞ்சது. நெருப்புல மூணு மணி நேரம் உக்காந்து செஞ்சது.”

தேவசிகாமணி உள்ளே போய் அந்த சோயா சாஸ் பாட்டிலை எடுத்து, மிச்சத்தில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். அது சாயமில்லை, உப்பு. அதன்மேலே தன் கைநிறைய உப்பை வேறே போட்டிருக்கிறார். முப்பத்தைந்து வருஷ மூக்கு, இனிப்பு மணத்தில் ஏமாந்துவிட்டது.

அன்று ராத்திரியே வீடியோவில் ரெமியின் அம்மா. கால் வீக்கத்தைக் கேள்விப்பட்டதும், அடுத்த திங்கட்கிழமைக்கு அண்ணனுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று என்றாள். ரெமி அதைத் தமிழில் சொல்லும்போது தரையைப் பார்த்துச் சொன்னாள். “எனக்குப் போக இஷ்டம் இல்ல அத்தை. அம்மாவுக்குப் பயம்” என்றாள்.

விளக்கணைத்தபின் தேவசிகாமணி மெதுவாகச் சொன்னார்: “ஏளா, நான் இன்னொரு தடவை வைக்கப் போறேன்.”

“வையுங்க. இந்தத் தடவை உப்பு போடாதீங்க.”

“அது மட்டும் போதாதுளா. சாஸ் கூடினா கால் வீங்கும். குறைஞ்சா அவளுக்கு வாய் ஏக்காது. நடுவுல ஒரு நூல்தான் இருக்கு. அந்த நூலை மூக்கால பிடிக்க முடியாது. யாராவது ருசி பாத்துச் சொல்லணும்.”

“அவளையே கூப்பிடுங்களேன்.”

“பாதி வெந்ததை வாயில வச்சுக் குமட்டிட்டுன்னா அப்புறம் அந்தப் பக்கமே திரும்ப மாட்டா. நீ கொஞ்சம்...”

“நானா? லெந்தும் கழிஞ்சு, ஏழு தலைமுறையும் கழிஞ்சு, அதுக்கப்புறம் கேளுங்க.” இருட்டில் சுகிர்தா சிரிக்கிறது கேட்டது. “எதுத்த வீட்டு ஆவுடைநாயகம் அண்ணாச்சியக் கூப்பிடுங்க, திருநீறு பூசிக்கிட்டு வந்து ருசி பாப்பாவ. இல்லாட்டா பின்வீட்டு ஜுபைதாவக் கூப்பிடுங்க. ரெண்டு பேரும் நமக்காக உசுரக் குடுப்பாவ. இதுக்கு மட்டும் வாயைக் குடுக்க மாட்டாவ.”

தேவசிகாமணியும் சிரித்தார். யார் ருசி பார்க்கவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் முட்டி போட்ட அந்த ராத்திரி அவருக்கு நேற்றுப் போல இருந்தது. அன்று கேட்டது ஒரு பிள்ளையின் உசுருக்காக. கொடுத்த வாக்கு இருபத்தொன்பது வருஷம் நின்றிருக்கிறது. வேலை இல்லாமல் கஞ்சி குடித்த வருஷத்திலும், அக்காள் மகள் கல்யாணம் லெந்தில் வந்தபோதும் அவர் அதை விட்டதில்லை. படுத்தவர் எழுந்து, பாய் ஓரத்தில் முட்டி போட்டார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். என்ன ஜெபித்தார் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை.

சனிக்கிழமை. மறுநாள் குருத்தோலை ஞாயிறு. கோயிலுக்கு ஓலை வெட்டிப் போட்டுவிட்டு நேரே மகாராஜா கடைக்குப் போய்க் கறி வாங்கி வந்தார். கொல்லை அடுப்பை மூட்டப் போனபோது சுகிர்தா, “வெயில் மண்டையப் பிளக்கு. உள்ள வந்து வையுங்க” என்றாள். தன்னுடைய கனத்த அடிச்சட்டியைக் கழுவித் துடைத்து அவர் முன்னே வைத்தாள்.

இந்த முறை சோயா சாஸ் இரண்டு கரண்டி மட்டும். உப்பு ஒரு கல்கூட இல்லை. இஞ்சியைக் கூட்டிப் போட்டார். எண்ணெய் ஊற்றவில்லை, பன்றிக் கொழுப்பே உருகி வழிந்தது. கடுகும் இல்லை, தேங்காயும் இல்லை. சிறுதீயில் இரண்டரை மணி நேரம். இடையிடையே துண்டுகளைத் திருப்பி விட்டுக்கொண்டே இருந்தார். சாறு கெட்டியாகிற நேரம் வந்தது. மூடியை எடுத்தார். பழக்கதோஷத்தில் கை ஆவியை அள்ளியது. பிறகு கையைக் கீழே விட்டார்.

சின்னக் கரண்டியில் சாற்றை எடுத்தார். ஊதினார். கண்ணை மூடி ஜெபித்தார். வாயில் விட்டார்.

சுகிர்தா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“எப்படி?”

“உப்பு இருக்கு. இனிப்பு காணாது.” கருப்பட்டியில் ஒரு சில்லைத் தட்டிப் போட்டார். கலக்கினார். மறுபடி ஒரு கரண்டி. “இப்ப இனிப்பு சரி. புளிப்பு வேணும். இல்லேன்னா கொழுப்பு நாக்குல ஒட்டும்.” அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். மூன்றாம் கரண்டி.

“ஆண்டவரை மறுதலிச்ச சீஷன் மாதிரி மூணு தடவை ஆச்சு” என்றாள் சுகிர்தா. “இனி சேவல் கூவ வேண்டியதுதான் பாக்கி.”

தேவசிகாமணி கரண்டியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் திருடன் பிடிபட்ட மாதிரி ஒரு தவிப்பு. “ஏளா, ஒண்ணு சொல்லுதேன், ஏசாத. முதல் ரெண்டு கரண்டியும் பக்குவத்துக்காகப் பாத்தேன். மூணாவது கரண்டி...” நிறுத்தினார். “ருசியா இருந்திச்சு.”

சுகிர்தா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “அதை ஆண்டவர்கிட்டச் சொல்லுங்க, எங்கிட்டச் சொல்லாதீங்க!”

இந்தச் சிரிப்புச் சத்தத்தில்தான் ரெமி கதவுப் பக்கம் வந்தாள். வந்ததிலிருந்து அவள் மிதிக்காத அடுப்படி. வாசலில் நின்று மூக்கை உயர்த்தினாள். குமட்டல் வரவில்லை. உள்ளே வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு, அடுப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“தட்டு எடுக்கட்டுமா?” என்றாள் சுகிர்தா.

“வேண்டாம் அத்தை.” சட்டியிலிருந்தே ஒரு துண்டை எடுத்தாள். சூடு. கை மாற்றி மாற்றிப் பிடித்தாள். எலும்பின் நுனியைப் பிடித்து இழுத்தாள். எலும்பு வெள்ளையாய்த் தனியாக வந்தது. கறி அப்படியே அவள் உள்ளங்கையில் தங்கியது. வாயில் போட்டாள். தேவசிகாமணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின தடவை ஒரு நொடி நின்றுபோன அந்த முகம் இப்போது நிற்கவில்லை. கண்ணை மூடி மென்றாள். விழுங்கினாள். இரண்டாவது துண்டை எடுத்தாள். மூன்றாவது. நாலாவது எடுக்கும்போது இடது கையைச் சுகிர்தாவிடம் நீட்டினாள்.

“அத்தை, சோறு.”

இந்த வீட்டுக்கு வந்தபிறகு அவள் வாயைத் திறந்து கேட்ட முதல் சோறு அது. சுகிர்தா ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். நல்லா இருக்கா என்று யாரும் கேட்கவில்லை. ரெமியும் நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. அதைத்தான் தேவசிகாமணி கவனித்தார். கவனித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை அணைத்தார்.

சாப்பிட்டு முடித்த கையோடு, எண்ணெய் விரலாலேயே போனைத் தட்டி அம்மாவைக் கூப்பிட்டாள். எலும்புகளை வரிசையாக வைத்திருந்த தட்டைக் காமிராவுக்குக் காட்டினாள். இரண்டு பேரும் வேகவேகமாய்ப் பேசினார்கள். நடுவிலே குரல் உயர்ந்தது, தணிந்தது. ரெமி ஒரு தடவை கண்ணைத் துடைத்தாள், ஒரு தடவை சிரித்தாள். சுகிர்தாவும் தேவசிகாமணியும் தீர்ப்புக்குக் காத்திருக்கிற மாதிரி சுவரோரம் நின்றார்கள்.

“என்னம்மா சொல்லுதாவ?” தாங்கமாட்டாமல் சுகிர்தா கேட்டாள்.

“யாரு செஞ்சாங்கன்னு கேட்டாங்க. அப்பான்னு சொன்னேன்.” ரெமி போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்தாள். “எங்க வீட்டுல ஆம்பள இவ்வளவு நேரம் அடுப்புல நிக்க மாட்டாங்கன்னு சொல்லுதாங்க. நம்ப மாட்டேங்காங்க.”

“காட்டு, காட்டு” என்று சுகிர்தா கணவரைப் பிடித்துக் காமிரா முன்னே தள்ளினாள். தோளில் கரித்துணியும் முகமெல்லாம் வியர்வையுமாய் தேவசிகாமணி கும்பிட்டார். “ஸ்தோத்திரம் சம்பந்தியம்மா” என்றார். அந்த அம்மாள் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு கைகூப்பி ஏதோ சொன்னாள்.

“அண்ணன் வரலையாம்” என்றாள் ரெமி. “நாளைக்கு நான் மறுபடி எடை பாக்கணும், தினமும் பிரஷர் பாக்கணும், அம்மாகிட்டச் சொல்லணும். சரியா இருந்தா நான் இங்கதான். அம்மாவே வராங்களாம். வைகாசி கடைசியில. பிரசவத்துக்கு.”

“எவ்வளவு நாள் இருப்பாவ?”

ரெமி கேட்டுச் சொன்னாள்: “மூணு மாசம். முதுகு வலி உண்டாம். தரையில படுக்க முடியாதாம். கட்டில் இருக்கான்னு கேக்குதாங்க.”

வீட்டில் இருந்தது ஒரே கட்டில். அதில் ரெமி படுக்கிறாள்.

“இருக்குன்னு சொல்லும்மா” என்றார் தேவசிகாமணி. சொல்லிவிட்டு, கையைக் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு, அச்சன்புதூரிலிருந்து வந்து கோயில் பெஞ்சு செய்து கொடுத்த ஆசாரியின் நம்பரைத் தேடிக்கொண்டே வெளியே கிளம்பினார்.